பலூனும் ஜோசியமும்

நாளை நடக்கப்போவதை இன்றே சொல்லுகின்றேன் என்று புறப்படுகின்றவர்களுக்கு நமது நாட்டில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. மரத்தடியில் கிளியை வைத்துக்கொண்டு சீட்டெடுக்கச் சொல்லுகின்றவன் முதல், காலை வேளையில் டெலிவிஷன் பெட்டிக்குள் பட்டுச் சால்வையோடு உட்கார்ந்து பன்னிரண்டு ராசிக்கும் பலன் சொல்லுகின்றவர் வரை எத்தனையோ பேர்கள் இதைக் கொண்டு பிழைக்கின்றார்கள். ஆனால் இவர்களில் எவராவது ஒருவர், தாம் சொன்னவைகளில் எத்தனை பலித்தது, எத்தனை பலிக்கவில்லை என்று ஒரு கணக்குப் புஸ்தகம் எழுதி வைத்து, கேட்கின்றவர்களிடம் தாமாகவே எடுத்துக் காட்டினார் என்பதாக நாம் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. பலித்தால் சாஸ்திரத்தின் மகிமை. பலிக்காவிட்டால் ஜாதகத்தில் பிறந்த நேரம் தப்பு, அல்லது பரிகாரம் செய்ததில் குறை. எப்படிப் பார்த்தாலும் தட்சணை மாத்திரம் திரும்பி வருவதில்லை.

இன்று நாம் எழுத வந்தது வேறு விதமான ஜோசியர்களைப் பற்றியாகும். இவர்கள் ஒரு காசும் வாங்குவதில்லை. தங்கள் கைக்காசைச் செலவழிக்கின்றார்கள். "இன்று காலை பத்து மணிக்கு இங்கிருந்து கிளம்பும் எங்கள் பலூன், இத்தனை மணிக்கு, இந்த ஊருக்குப் பக்கத்தில், இந்த வயலில் வந்து விழும்" என்று பலூனைக் கையை விட்டு விடுவதற்கு முன்பாகவே உலகமறியச் சொல்லிவிடுகின்றார்கள். பிறகு அது உண்மையில் எங்கே விழுந்தது என்பதையும் அதே உலகமறியச் சொல்லி, தாங்கள் எத்தனை கிலோமீட்டர் பிசகிவிட்டோம் என்பதையும் கூசாமல் எழுதுகின்றார்கள். இப்படிப்பட்ட ஜோசியத்தை நம்மவர்கள் கண்டதில்லையாதலால் சற்று விரிவாகவே சொல்லுவோம்.

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் என்பதாக ஒரு கூட்டத்தார் உலகமெங்கும் இருக்கின்றார்கள். நமது நாட்டிலும் இருக்கின்றார்கள். இவர்கள் ரேடியோவை வியாபாரத்துக்காக நடத்துகின்றவர்களல்லர். சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் பெற்று, தங்கள் கையாலேயே கருவி செய்து, ஏரியல் கட்டி, தூரதேசத்தாரோடு பேசிக் களிப்பவர்கள். அந்தப் பரீட்சையில் மின்சாரம் எப்படி ஓடுகின்றது என்று கேட்பார்களே ஒழிய, நீ யார் வயிற்றில் பிறந்தாய் என்று கேட்பதில்லை. இன்னொன்றும் வாசகர்கள் கவனிக்கத்தக்கது. இவர்கள் ஆகாயத்தில் அனுப்பும் செய்தியை அர்த்தத்தை மறைக்கும் ரகசியச் சங்கேதத்தில் அனுப்பக்கூடாது என்பது சர்வதேச விதியாகும். நமது மந்திரமோ வெளியில் சொன்னால் பலிக்காது. இவர்கள் செய்தியோ மற்றவர்களுக்குப் புரியாமல் சொன்னால் சட்டவிரோதமாகிவிடும்.

தென் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தைச் சேர்ந்த அமெச்சூர் ரேடியோ எக்ஸ்பெரிமென்டர்ஸ் குரூப் என்னும் சங்கத்தார் பல வருஷங்களாக ஹோரஸ் என்ற பெயரால் பலூன் பறக்க விட்டு வருகின்றார்கள். ஹோரஸ் என்பது எகிப்து தேசத்துப் பழைய பருந்துமுகச் சாமியின் பெயர். பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்களே தவிர, பலூனுக்குப் பூசை போட்டுத் தேங்காய் உடைத்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக விமான இலாகாவுக்கு முன்கூட்டி அறிவித்து அனுமதி பெறுகின்றார்கள். அடிலெய்டுக்கு அருகில் மௌண்ட் பார்க்கர் என்ற ஊரிலிருந்து பலூனை விட்டால், மேல்காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய், கோதுமை விளையும் மாலி என்னும் சமவெளியில் போடும்.

பலூன் என்றால் திருவிழாவில் விற்கும் பலூன் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேலும் எடையுள்ள மெல்லிய ரப்பர்ப் பை அது. விரல் பட்ட இடத்தில் பலவீனமாகிவிடும் என்பதற்காகக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார்கள். ஹீலியம் வாயுவை அதில் அடைக்கும்போது, அது எவ்வளவு எடையைத் தூக்குகின்றது என்று தராசு வைத்து அளந்துகொண்டே அடைப்பார்கள். வாயு அதிகமானால் வேகமாக ஏறிச் சீக்கிரம் வெடித்துவிடும். குறைந்து போனாலோ மெள்ள ஏறி, சில சமயம் வெடிக்காமலேயே மிதந்துகொண்டு கண்காணாத தேசத்துக்குப் போய்விடும். கையளவு வாயுவில் இருக்கின்றது இந்த ஜோசியத்தின் பாதி. பலூனுக்குக் கீழே பாராசூட், அதற்குக் கீழே நூலில் கட்டிய தெர்மோகோல் பெட்டி. பெட்டிக்குள் உஷ்ணமானி, காற்றின் அழுத்தம் பார்க்கும் கருவி, சில சமயம் காமிரா, குளிரில் செத்துப்போகாத லிதியம் பாட்டரி, இருக்கும் இடத்தைச் செயற்கைச் சந்திரன்களைக் கொண்டு கண்டுபிடிக்கும் ஜி.பி.எஸ். கருவி, அதைச் சில வினாடிகளுக்கொரு தரம் சத்தம் போட்டுச் சொல்லும் சின்ன ரேடியோ. அந்த ரேடியோவின் சக்தி ஒரு டார்ச் லைட் பல்பை எரிக்கவும் போதாது. ஆனாலும் 500 கிலோமீட்டருக்கு அப்பாலும் அதன் குரல் கேட்கும். காரணம் அற்புதமல்ல. 30 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றவனுக்கு மலையும் மரமும் குறுக்கே நில்லாது. அவனுடைய தொடுவானம் 600 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுகின்றது.

வினாடிக்கு ஐந்து மீட்டர் வீதம் பலூன் ஏறுகின்றது. போகப்போக வெளியிலுள்ள காற்று மெலிவதால் பலூன் உப்பிக்கொண்டே போகின்றது. தரையில் ஆள் உயரம் இருந்தது, மேலே போனால் ஒரு சிறு வீட்டளவு ஆகின்றது. 30 கிலோமீட்டரில் காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் நூற்றிலொரு பங்குதான். ரப்பர் அதற்கு மேல் தாங்காமல் வெடிக்கின்றது. பெட்டி விழ ஆரம்பிக்கின்றது. பாராசூட் விரிந்தாலும் பிடித்துக்கொள்ளக் காற்று இல்லாததால் முதலில் தலைதெறிக்கும் வேகத்தில் விழுந்து, கீழே வர வர நிதானப்படுகின்றது. அந்த உயரத்தில் பட்டப்பகலில் எடுத்த படங்களை நாம் பார்த்திருக்கின்றோம். ஆகாயம் மையிருட்டாக இருக்கின்றது. பூமியின் ஓரம் வளைந்து, அதன்மேல் ஒரு மெல்லிய நீலக் கோடு தெரிகின்றது. நாம் மூச்சு விடும் காற்று அவ்வளவுதான். மேலேழு உலகங்களில் முதலாவது உலகத்தின் கூரையாவது தட்டுப்பட்டதா என்று நாம் கேட்கப்போவதில்லை. அது பழைய சண்டை.

இனி ஜோசியத்துக்கு வருவோம். பலூனுக்குச் சுக்கான் கிடையாது, இயந்திரம் கிடையாது. காற்று எங்கே தள்ளுகின்றதோ அங்கே போகும். காற்றும் எல்லா உயரத்திலும் ஒரே பக்கமாக அடிப்பதில்லை. தரையில் தெற்கே அடிக்கும், பத்து கிலோமீட்டரில் கிழக்கே பறக்கும், இருபதில் சும்மா இருக்கும் அல்லது திரும்பி அடிக்கும். அமெரிக்க வானிலை இலாகாவார் உலகம் பூராவுக்கும் ஒவ்வொரு உயரத்திலும் காற்று எப்படி இருக்கும் என்று தினம் நான்கு தரம் கணக்கிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக வெளியிடுகின்றார்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை மாணவர்கள், அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பலூன் எங்கே விழும் என்று சொல்லும் ஒரு கம்ப்யூட்டர்க் கணக்கு முறையை எழுதி, அதையும் மறைக்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். ஏறும் வேகம் எவ்வளவு, வெடிக்கும் உயரம் எவ்வளவு, விழும் வேகம் எவ்வளவு என்ற மூன்றையும் கொடுத்தால், பூமிப் படத்தில் ஒரு கோடு வரைந்து கடைசியில் ஒரு புள்ளி வைக்கும். ஒரு வாரத்துக்கு முன்பு வைத்த புள்ளிக்கும் முந்தின இரவு வைத்த புள்ளிக்கும் எவ்வளவோ தூரம் இருக்கும். அந்தத் தூரத்தை யாரும் மறைப்பதில்லை. புள்ளி ஊருக்குள்ளோ, கடலிலோ, விமான நிலையத்திலோ விழுந்தால் அன்றைக்குப் பலூன் கிடையாது. பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நல்ல நாள் பார்ப்பது என்றால் இப்படியல்லவா பார்க்க வேண்டும்!

பலூன் கிளம்பியவுடன் இரண்டு மூன்று மோட்டார் கார்களில் ஏரியலைக் கட்டிக்கொண்டு தொண்டர்கள் புறப்படுகின்றார்கள். வழியிலுள்ள அமெச்சூர்கள் தங்கள் தங்கள் வீட்டிலிருந்தே குரலைக் கேட்டு, எல்லோருக்கும் பொதுவான படத்தில் ஏற்றுகின்றார்கள். ஒருவர் தவற விட்டதை இன்னொருவர் பிடிக்கின்றார். காற்று நினைத்தபடி இராமல் பலூன் விலகினால், விலகிய இடத்திலிருந்து கணக்கு மறுபடியும் போடப்படுகின்றது; கார் அடுத்த சாலையில் திரும்புகின்றது. பெட்டி தரைக்குச் சில நூறு மீட்டர் மேலே இருக்கும்போது மேடும் மரமும் மறைத்துக் குரல் நின்றுபோகும். அப்பொழுதுதான் தொண்டர்களுக்கு வயிற்றைக் கலக்கும். கடைசியாகக் கேட்ட இடத்துக்குப் போய், கையேரியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வயற்காரர் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்டு, முழங்காலளவு பயிருக்குள் நடந்து பெட்டியை எடுக்கின்றார்கள். மரத்தில் மாட்டிக்கொண்டால் நீண்ட கம்புக்கு அலைகின்றார்கள். "இது அபாயமில்லாத விஞ்ஞானச் சோதனை, கண்டவர்கள் தெரிவிக்கவும்" என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்கும்.

புள்ளி வைத்த இடத்திலேயே விழுந்ததா? பெரும்பாலும் இல்லை. சில கிலோமீட்டர் பிசகுவது சாதாரணம். வெடித்த ரப்பர்த் துண்டு பாராசூட்டைச் சுற்றிக்கொண்டால் பெட்டி வேகமாக விழுந்து முன்னதாகவே இறங்கிவிடும். எதிர்பார்த்ததற்கு மேல் பலூன் தாங்கிவிட்டால் தள்ளிப் போய்விடும். ஆனால் ஏன் பிசகிற்று என்பதற்குக் காரணம் பெட்டியின் சொந்தக் குரலிலேயே, வினாடிவாரியாகப் பதிவாகி இருக்கின்றது. அடுத்த தடவை அந்தக் காரணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுகின்றார்கள்.

இதைப் படிக்கும் ஜோசியப் பிரியர் ஒருவர், "உங்கள் விஞ்ஞானிகளும் தப்புகின்றார்களல்லவா? எங்கள் ஜோசியர் தப்பினால் மட்டும் என்ன குற்றம்?" என்று கேட்கலாம். தப்புவது குற்றம் என்று நாம் எங்கே சொன்னோம்? இவர்கள் தப்பினால் எத்தனை கிலோமீட்டர் என்று அளக்க முடிகின்றது. "உங்களுக்கு வடக்கேயிருந்து நன்மை வரும்" என்பதில் எதை அளப்பது? தப்பு என்று அகப்பட்டுக்கொள்ளவே இடமில்லாதபடி பேசுகின்றவனுக்குச் சரி என்று பெயர் வாங்கவும் பாத்தியமில்லை. "பஞ்சாங்கத்தில் கிரகணம் நிமிஷம் பிசகாமல் வருகின்றதே" என்று வேறொருவர் சொல்லுவார். வாஸ்தவம்தான். அது கணிதம். அந்தக் கணிதத்தைச் செய்த பெரியவர்களுக்கு நமது வணக்கம். அதே அட்டைக்குள் இவ்வருஷத்து ராஜா இன்ன கிரகம், மந்திரி இன்ன கிரகம், மழை இத்தனை மரக்கால் என்று அடுத்த பக்கத்தில் அச்சாகின்றதே, அதைப் பற்றித்தான் நமது பேச்செல்லாம்.

தன் கருவியையே சந்தேகிப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிரான்சு தேசத்தில் டெஸ்ராங் த போர் என்பவர் பாரிசுக்கு அருகில் திராப் என்ற ஊரில் தம் சொந்தச் செலவில் ஓர் ஆராய்ச்சிசாலை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் மேலே போகப்போகக் குளிர் அதிகமாகிக்கொண்டே போகும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அவர் விட்ட பலூன்களின் உஷ்ணமானியோ, சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் குளிர் அதிகமாகவில்லை என்று காட்டியது. வேறு ஒருவராயிருந்தால் புதிய உலகம் கண்டேன் என்று மறுநாளே தண்டோராப் போட்டிருப்பார். அவரோ, வெயில் பட்டுக் கருவி சூடாகி இருக்கலாம் என்று தம்மையே சந்தேகித்து, இரவில் பலூன் விட்டார். ஒன்றல்ல, இரண்டல்ல, இருநூறுக்கு மேற்பட்ட பலூன்களை விட்டுப் பார்த்த பிறகுதான் 1902-ல் வெளியில் சொன்னார். இன்று ஸ்ட்ராட்டோஸ்பியர் என்கின்றோமே, அது அப்படித் தெரிந்ததுதான். அப்பொழுது பலூனில் ரேடியோ கிடையாது. கருவி தானே எழுதி வைத்துக்கொள்ளும். அது விழுந்த இடத்தில் யாராவது கண்டெடுத்துத் திருப்பிக் கொடுத்தால்தான் எழுதியது கைக்கு வரும். எங்கோ வயலில் கண்டெடுத்ததை உடைத்தெறியாமல் திருப்பிக் கொடுத்த மனிதர்களின் யோக்கியப் பொறுப்பும் அந்தக் கண்டுபிடிப்பில் சேர்ந்திருக்கின்றது. பலூன் தன் அளவை ரேடியோவில் சொல்லத் தொடங்கியது 1929, 1930-ம் வருஷங்களில், பிரான்சிலும் ருஷியாவிலும். இன்றைக்கும் வானிலை இலாகாக்கள் உலகமெங்கும் தினம் இரண்டு வேளை பலூன் விடுகின்றன. அமெரிக்காவில் அப்படி விடும் கருவிகளில் ஐந்திலொரு பங்குகூடத் திரும்பக் கிடைப்பதில்லை. அமெச்சூர்கள் இப்பொழுது அவைகளையும் துரத்திக்கொண்டு போய்ப் பொறுக்குகின்றார்கள்.

இந்த வேலையில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கிடைக்காமற்போன பெட்டியும் ரப்பரும் காட்டிலும் கடலிலும் குப்பைதான். ஆகாயத்தில் விமானமும் போகின்றது. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தின் மேல் 36,000 அடி உயரத்தில் போன ஒரு பிரயாணி விமானத்தின் முன்கண்ணாடி உடைந்து விமானிக்குக் காயம் பட்டது. மோதியது வானிலை பார்க்கும் ஒரு கம்பெனியின் பலூன். அமெச்சூர்களுடையதல்ல என்றாலும், பலூன் விடுகின்றவர்கள் எல்லோருமே யோசிக்க வேண்டிய விஷயம் இது. அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். "அது எங்களுடையதாக இருக்கலாம்" என்று அந்தக் கம்பெனியாரே முன்வந்து சொன்னார்கள்.

இதற்கு மாறாக, பெரிய அதிகாரமும் பெரிய பீரங்கியும் உள்ளவர்கள் கண்ணெதிரே இருப்பதைப் படித்துப் பார்க்காமல் நடந்தால் என்னவாகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாகாணத்தின் வட பகுதியில் பாட்டில்காப் பலூன் பிரிகேட் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு சிறு கூட்டம் இருக்கின்றது. இவர்கள் விடுவது வெடித்து விழும் பலூனல்ல. பிறந்தநாள் விழாவில் தொங்கவிடும் வெள்ளிநிறப் பலூன் ஜாதி. சில கிராம் எடையுள்ள ரேடியோவையும் சூரிய வெளிச்சத் தகட்டையும் சுமந்துகொண்டு மாதக் கணக்கில் மிதக்கும். 2022 அக்டோபர் 10-ந் தேதி விட்ட ஒன்று உலகத்தை ஆறு தரம் சுற்றி, ஏழாவது சுற்றில் 2023 பிப்ரவரி 10-ந் தேதி அலாஸ்கா கடற்கரைக்கு அப்பால் சுமார் 11,500 மீட்டர் உயரத்தில் இருப்பதாகச் சொல்லிற்று. அதன் பெயர், இடம், உயரம் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய படத்தில் இருந்தன. காற்றுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், மறுநாள் அது கானடாவில் யூக்கான் பிரதேசத்துக்கு மேலே இருக்கும்.

அந்த மறுநாள், பிப்ரவரி 11-ந் தேதி, யூக்கானுக்கு மேலே ஏதோ ஒரு வஸ்து பறக்கின்றது என்று அமெரிக்கப் போர் விமானம் ஏவுகணையால் அதைச் சுட்டுத் தள்ளிற்று. ஒரு வாரத்துக்கு முன்புதான் ஒரு சீனப் பலூனைச் சுட்டிருந்தார்கள். அந்தப் பயத்தில் ஆகாயத்தில் அசைந்ததெல்லாம் எதிரியாகத் தெரிந்தது. ஏவுகணை ஒன்றின் விலை நான்கு லட்சம் டாலருக்கு மேல். அந்த ஜாதிப் பலூன் ஒன்றின் விலை பத்துப் பன்னிரண்டு டாலரிலிருந்து ஆரம்பம். அந்த நாட்களில் சுட்ட மூன்று வஸ்துக்களும் தனியார் கம்பெனிகளுடையவோ, பொழுதுபோக்குக்காரர்களுடையவோ, ஆராய்ச்சிசாலைகளுடையவோ ஆன பலூன்களாக இருக்கக்கூடும் என்று ஜனாதிபதி பைடனே பிப்ரவரி 16-ந் தேதி சொன்னார். மறுநாள் யூக்கானில் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு துண்டும் கிடைக்கவில்லை.

அந்தச் சிறு கூட்டத்தார் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பெரிதாகப் படுகின்றது. பத்திரிகைக்காரர்கள் எல்லாம், "உங்கள் பலூனைத்தானே சுட்டார்கள்?" என்று மொய்த்தார்கள். ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உலகப் புகழ் வந்திருக்கும். சந்தர்ப்பமும் கணக்கும் அவர்கள் பக்கமே இருந்தன. ஆனால் கையில் துண்டு இல்லை. ஆகவே கடைசியாகக் குரல் கேட்ட தேதியையும் இடத்தையும் போட்டு, பலூன் காணாமற்போயிற்று என்று மாத்திரம் எழுதினார்கள். சுட்டார்கள் என்று எழுதவில்லை.

நமது பஞ்சாங்கம் போடுகின்றவர்களுக்கும் ராசிபலன் எழுதுகின்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்ற வருஷத்துப் புஸ்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மழை எத்தனை மரக்கால் என்று சொன்னோம், வானிலை இலாகாவின் கணக்குப்படி எத்தனை பெய்தது, எவ்வளவு வித்தியாசம் என்று மூன்று பத்தியில் எழுதி அனுப்பட்டும். வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் நாம் கேலி செய்யமாட்டோம். நமது பத்திரிகையில் அதற்கு ஒரு பக்கத்தை விளம்பரக் கட்டணம் இல்லாமல் ஒதுக்கி வைத்திருக்கின்றோம். மாவட்டவாரியாக அனுப்பினால் இரண்டு பக்கம் தரவும் சித்தமாயிருக்கின்றோம்.